மீட்டர் சாருக்குப் பின்னால்

எங்கள் அண்ணியின் படங்களைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவளுடைய கேமரா அல்ல, முழங்கால். அதுவும் வலது முழங்கால். மாடிப்படி ஏறும்போது அதிலிருந்து ஒரு சத்தம் வரும், எண்ணெய் போடாத கதவைத் திறப்பது போல. "அண்ணி, யாரோ வர்றாங்க பாருங்க" என்று நான் கிண்டல் செய்வேன். அவள் சிரிக்கமாட்டாள். சிரிக்கக்கூடத் தெம்பு இருக்காது.

வீட்டில் அப்பா, அண்ணன், அண்ணி, நான். நான் கல்யாணம் செய்து பார்த்து, சரிப்பட்டு வராமல் பெட்டியோடு திரும்பி வந்தவள். மருந்துக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நாளெல்லாம் நிற்கிறேன். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எந்தக் கட்டடத்தில் யார் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டாலும் அவனுக்குத்தான் போன் வரும். சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து ஓடுவான். நாங்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது ஒரு காலம். இப்போது யாருக்கும் அது நகைச்சுவையாகத் தெரிவதில்லை.

அப்பா மின்சார அலுவலகத்தில் மீட்டர் ரீடிங் எடுத்தவர். எங்கள் பகுதியில் அவர் நுழையாத வீடு இல்லை. எல்லோருக்கும் அவர் மீட்டர் சார். ஓய்வு பெற்றார், அம்மா போய்ச் சேர்ந்தாள், அதற்குப் பிறகு அவருடைய நினைவு கொஞ்சம் கொஞ்சமாக நழுவ ஆரம்பித்தது. முதலில் எங்கள் பெயர்கள் போயின. சாப்பிட்டோமா இல்லையா என்பது போயிற்று. மீட்டர் மட்டும் போகவில்லை. ஒரு நாள் காலையில் பழைய தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். மத்தியானம் பின்தெருத் தையல்காரம்மா கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். அவள் வீட்டுக்குள் வந்து கதவுக்குப் பின்னாலிருந்த மீட்டரைப் பார்த்து எண்ணைப் படித்துவிட்டு, அடுத்த வீட்டுக்கு வழி தெரியாமல் படியிலேயே நின்றுகொண்டிருந்தாராம்.

அந்த மீட்டர்கள் செத்துப் பல காலம் ஆயிற்று. புது மீட்டர்களைக் கட்டடத்துக்குக் கட்டடம் கீழ்த்தளத்தில் பூட்டிவைத்து, அலுவலகத்தில் இருந்தபடியே ரீடிங் எடுத்துக்கொள்கிறார்கள். பழையதைக் கழற்ற ஆள் வரும் என்றார்கள், வரவில்லை. அதனால் வீட்டுக்கு வீடு கதவுக்குப் பின்னால் ஒரு செத்த மீட்டர், நின்றுபோன எண்ணோடு. அப்பா போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்து உரக்கப் படிப்பார். போன வாரம் படித்த அதே எண்தான். அவருக்கு அது புதுசு.

அவரை வீட்டுக்குள் பூட்டிவைத்தும் பார்த்தோம். கதவை உள்ளேயிருந்து தட்டித் தட்டி, "கரெண்ட் ஆபீஸ், ரீடிங் எடுக்கணும், திறங்க" என்று தொண்டை வறளக் கத்தினார். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, திறந்துவிட்டுவிடுங்கள், கேட்கச் சகிக்கவில்லை என்றார்.

அப்பாவின் பின்னால் யார் போவது என்ற கேள்வி வந்தது. அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அண்ணனைப் பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அண்ணியைப் பார்த்தோம். எங்கள் வீட்டில் பெரிய முடிவுகள் இப்படித்தான் எடுக்கப்படும்.

அண்ணி அப்போது ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தாள். படம் எடுப்பது, இருட்டறையில் ஃபிலிம் கழுவுவது, பிரிண்ட் போடுவது எல்லாம் அவளே. முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருப்பார். 'தாடையைக் கொஞ்சம் தூக்குங்க, இங்க பாருங்க, அசையாதீங்க' என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, தூக்கத்தில்கூடத் தன்னைத் தாடையைத் தூக்கச் சொல்கிறாள் என்று அண்ணன் புகார் செய்வான். அந்த வேலையை அவளுக்குப் பிடிக்காது. அதை விட்டு வரும்போது முதலாளி கொடுத்த பழைய கேமராவும் சில பெட்டி ஃபிலிமும் மட்டும் வீட்டுக்கு வந்தன.

முதல் சில நாள் வெறுங்கையோடுதான் அப்பாவின் பின்னால் போனாள். கைதியைக் காவல்காரன் கொண்டுபோவது போலிருக்கிறது, பார்க்கிறவர்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம் என்றாள். கையில் ஏதாவது இருந்தால் தேவலை என்று கேமராவை எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான் ஆரம்பம். பின்னால் இந்தப் படங்களைக் கண்காட்சிக்கு வைத்தபோது நூலகத்துக்காரர்கள் ஏதேதோ பெரிய காரணங்கள் எழுதினார்கள். இதுதான் காரணம்.

வெளியே போனால் 'மாமா' என்று கூப்பிட்டால் அப்பா திரும்பமாட்டார். 'சார்' என்றால் திரும்புவார். அண்ணியை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த உதவியாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். எண்ணைப் படித்துவிட்டு, "எழுதிக்கோம்மா" என்பார். அண்ணி உள்ளங்கையில் விரலால் எழுதுவது போல் செய்து, "எழுதிட்டேன் சார்" என்பாள். "அடுத்த வீடு" என்று அவர் கிளம்பிவிடுவார். மீட்டர் சக்கரம் சுற்றாத வீடுகளைப் பற்றி அவருக்கு ஒரே பெருமை. வெளியே வந்து, சிக்கனமான குடும்பம், வீண் விளக்கு எரிக்காதவர்கள் என்று பாராட்டுவாராம். அந்தச் சிக்கனமான குடும்பத்தில் பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருக்கும்.

இப்படியாக அண்ணி எங்கள் பகுதியின் எல்லா வீட்டுக்குள்ளும் போனாள். சமையலறையில் அக்காவுக்குத் தங்கை முடி வெட்டிவிடுகிறாள், கத்தரித்த முடி பாத்திரத்தில் விழுந்துவிடாமல் ஒரு கையால் மூடியைப் பிடித்திருக்கிறாள். இரவுக் காவல் முடிந்து வந்த மனிதர் சீருடையோடு தரையில் படுத்துத் தூங்குகிறார், அவரைத் தாண்டிக்கொண்டு குழந்தை கரண்டியோடு போகிறது. ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுகிறார்கள், அந்த அம்மா கையில் அவருடைய சட்டை, பாதி இஸ்திரி போட்டது. முடிதிருத்துகிறவர் தன் சொந்த நாற்காலியில் வாயைத் திறந்து தூங்க, வாடிக்கையாளர் ஸ்டூலில் பொறுமையாகக் காத்திருக்கிறார். எல்லாப் படத்திலும் எங்காவது ஒரு ஓரத்தில் அப்பாவின் முதுகோ, தோல்பையோ, மீட்டரை நோக்கித் தூக்கிய முகவாயோ இருக்கும்.

எல்லாம் கறுப்பு வெள்ளை. ஏன் கலரில் எடுக்கக்கூடாது, என் புது மஞ்சள் சட்டை சாம்பல் பூசினாற்போல் இருக்கிறதே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அண்ணிக்கு வேறு வழியில்லை. கலர் ஃபிலிமைக் கழுவ லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். அப்பாவை விட்டு அவள் எங்கே போவது? கறுப்பு வெள்ளையை வீட்டுக் குளியலறையிலேயே கழுவிவிடலாம். அப்பா சாயங்காலம் கொஞ்சம் கண்ணயரும்போது அண்ணி ஜன்னலைப் போர்வையால் மூடி, சிவப்பு பல்பைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அந்த நேரத்தில் வேறு யாருக்கும் எந்த அவசரமும் வரக்கூடாது. வீடு முழுக்கப் புளித்த வாடை அடிக்கும். துணி காயப்போடும் கொடியில் ஊர் சனமெல்லாம் கிளிப்பில் தொங்கிக்கொண்டிருக்கும். முகம் துடைக்கத் துண்டென்று நினைத்து நான் ஒரு நாள் தையல்காரம்மாவை எடுத்துவிட்டேன்.

படம் இருக்கட்டும். அவள் பட்ட பாடு இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு ஆறாது. வெயிலானாலும் மழையானாலும் அப்பா கிளம்பிவிடுவார். காலில் சக்கரம் கட்டியவர் போல் நடப்பார். ஏறுவார், இறங்குவார், ஏறின மாடியிலேயே திரும்பவும் ஏறுவார். வீட்டுக்கு வந்து அவரைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, துணி துவைத்து அண்ணி உட்காரும்போது அண்ணனோ நானோ வந்து எதையாவது கேட்போம். அவள் கோபித்துக்கொண்டதில்லை. ஒரே ஒரு முறை, காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"ஒரு நாள், ஒரே ஒரு நாள், யார் பின்னாலயும் போகாம சும்மா உட்காரணும்மா. வேற ஒண்ணும் வேண்டாம்."

எடுத்த படங்களை அவரவருக்கே கொடுத்துவிடுவாள். முடிதிருத்துகிறவர் தான் தூங்கும் படத்தைக் கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்தார். அங்கே முடி வெட்டிக்கொள்ள வந்த நூலகர் அதைப் பார்த்துவிட்டு, பாதி வெட்டின தலையோடு எழுந்து யார் எடுத்தது என்று விசாரித்தாராம். மறுநாள் எங்கள் மூன்று மாடியையும் ஏறி, மூச்சிரைக்க வந்து நின்றார். கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டிகளை அண்ணி இழுத்துப் போட்டாள். மனிதர் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார், டீ ஆறி ஏடு படிந்துவிட்டது.

நூலகத்தின் மாடிக் கூடத்தில் கண்காட்சி வைக்கலாம், புத்தகமும் போடலாம் என்றார். வீட்டுக்குள் எடுத்தவை இன்னும் கொஞ்சம் வேண்டும், மழைக்காலத்துப் படங்களாக இருந்தால் நல்லது என்றார். தெருவில் படம் எடுக்கிறவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன், வீட்டுக்குள் இப்படி யாராலும் எடுக்க முடிந்ததில்லை, உங்களை எப்படி இவர்கள் மறந்துபோகிறார்கள் என்று கேட்டார். அண்ணி, "பழகிடுச்சு சார்" என்றாள்.

அவர் போன பிறகு அண்ணி கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டதைப் பார்த்தேன். சாயங்கால வேளையில் அவள் தலை வாரி நான் பார்த்ததே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. என்னைத் தேடி மூன்று மாடி ஏறி வந்தவன் எவனும் இல்லை.

மழை பிடித்துக்கொண்ட வாரம் அண்ணி விழுந்தாள். அப்பா ஈரப் படியில் வேகமாக இறங்க, பிடிக்கப் போனவள் சறுக்கி, வலது காலை மடக்கிக்கொண்டு பல படிகள் உருண்டாள். அப்பா திரும்பிப் பார்த்து, "பார்த்து வாம்மா, இன்னும் நிறைய வீடு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்திருக்கிறார். அவரை முடிதிருத்துகிறவர் பிடித்துவந்தார். அண்ணியை இரண்டு பேர் தூக்கிவந்தார்கள். கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

முழங்காலுக்குக் கட்டுப் போட்ட டாக்டர் ஓய்வு, ஓய்வு என்று இரண்டு முறை சொன்னார். அண்ணன் அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் லிஃப்ட் பழுது பார்க்கப் போனபோது விசாரித்து வைத்திருந்தானாம். சுத்தமான இடம், பூட்டிய கேட், கவனித்துக்கொள்ள ஆட்கள். 'உன்னாலும் உன் வேலையை ஒழுங்காகப் பார்க்க முடியும்' என்று அண்ணியிடம் சொன்னான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவனும் களைத்துப் போயிருந்தான், நானும்தான். அண்ணி வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பாவை இல்லத்தில் விட்டுவந்த அன்று படுத்தவள் மறுநாள் சாயங்காலம்தான் எழுந்தாள். அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

கால் கொஞ்சம் ஊன்ற வந்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். யாரும் அவசரப்படுத்தவில்லை, எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

தையல்காரம்மா கதவைத் திறந்தாள். கேமராவைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் இருங்கள் என்று உள்ளே போய் முகம் கழுவி, பவுடர் போட்டு, வெட்டுத் துணிகளையெல்லாம் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுத் தையல் மிஷின் முன் சிலை மாதிரி உட்கார்ந்தாள். ஊசியில் நூலே இல்லை. வேலையைப் பாருங்கள், என்னைப் பார்க்காதீர்கள் என்று அண்ணி கெஞ்சியும் பயனில்லை. எப்போதும் சண்டை போடுகிற புருஷனும் பெண்டாட்டியும் தோளோடு தோள் உரச நின்று பல்லைக் காட்டினார்கள். முடிதிருத்துகிறவர் வாடிக்கையாளரை நிமிர்த்தி உட்காரவைத்து, தானும் கத்தரிக்கோலை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அண்ணி மணிக்கணக்காக உட்கார்ந்து பார்த்தாள், அவர்களும் மணிக்கணக்காக நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தார்கள். சிலர் டீ போட்டுக் கொடுத்து, எப்போது எழுந்து போவாள் என்று கடிகாரத்தைப் பார்த்தார்கள். எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்களாம்: மீட்டர் சார் எங்கே?

அன்று குளியலறைக் கொடியில் தொங்கிய படங்களை நானும் பார்த்தேன். எல்லா முகமும் நேராக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"திரும்பவும் ஸ்டுடியோவுக்கே போயிட்டேன்" என்றாள் அண்ணி. தாடையைத் தூக்கச் சொல்ல வேண்டிய வேலைகூட இல்லை, அவர்களே தூக்கிக்கொள்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தாள். கேட்க நன்றாக இல்லை அந்தச் சிரிப்பு. பிறகு தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"மீட்டர் பார்க்க வர்றவருக்காக யாரும் தலை வாரிக்க மாட்டாங்கம்மா. சண்டையைக்கூட நிறுத்த மாட்டாங்க. அவர் பின்னால நான் நின்னேன், அவ்வளவுதான். என்னவோ என் பொறுமையாலதான் எல்லாம் வந்துச்சுன்னு நெனச்சுட்டிருந்தேன்."

நூலகர் வந்து புதுப் படங்களைப் பார்த்தார். இவையும் நன்றாகத்தான் இருக்கின்றன என்றார். அந்த 'தான்' போதும், அண்ணிக்குப் புரிந்துவிட்டது. ஏற்கெனவே இருப்பதை வைத்தே ஒப்பேற்றிவிடலாம் என்று அவர் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அண்ணி மெதுவாக ஆரம்பித்தாள். மாமாவைக் கூட்டிவந்துவிடலாமா என்று கேட்டாள். அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"எதுக்கு? உன் படத்துக்கா?"

அண்ணி ரசக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"எங்கப்பா என்ன சாவியா, நீ ஊரான் வீட்டைத் திறந்து பார்க்கறதுக்கு?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போல் கேட்டுவிட்டான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவைக் குளிப்பாட்டத் தெரியுமா உனக்கு, அவர் எந்தக் கையால் சாப்பிடுகிறார் என்றாவது தெரியுமா என்று நான் எகிறினேன். அண்ணிதான் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவன் கேட்டதில் தப்பில்லை, நானும் அதைத்தான் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றாள். அதற்குப் பிறகு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணனுக்கு வழக்கம் போல் போன் வந்தது, போய்விட்டான்.

என் வார விடுமுறையில் அண்ணியும் நானும் அப்பாவைப் பார்க்கப் போனோம். கேமராவை ஏன் மாட்டிக்கொண்டு வருகிறீர்கள் என்று பஸ்ஸில் கேட்டேன். தோள் வெறுமையாக இருந்தால் நடை வரவில்லை என்றாள்.

இல்லம் சுத்தமாகத்தான் இருந்தது. நீளமான தாழ்வாரம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கதவுகள், எல்லாச் சுவரிலும் ஒரே இளம்பச்சை. அப்பா வந்த புதிதில் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் போய்ச் சுவரைத் தடவித் தேடிக்கொண்டிருந்ததாகவும், மாத்திரை கொடுக்க ஆரம்பித்த பிறகு தொந்தரவே இல்லை என்றும் அங்கிருந்த அம்மா பாராட்டாகச் சொன்னாள். அந்த மாத்திரையின் பெயரைச் சொன்னபோது எனக்குத் தெரிந்தது. ஆளைச் சுருட்டிப்போடும் மருந்து, எங்கள் கடையில் அதை டாக்டர் சீட்டு இல்லாமல் தொடக்கூட விடமாட்டோம்.

அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முடி ஒட்ட வெட்டி, சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டு, இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்து, தாடையைத் தூக்கி, நேராக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கால்கள் ஒரு இடத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. கட்டிப்போட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அண்ணி எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள். "மாமா" என்றாள். அசைவில்லை. "சார்" என்றாள். அதற்கும் அசைவில்லை. கொண்டுவந்த பழத்தை உரித்து வாயில் கொடுத்தாள், மென்றார். துடைத்துவிட்டாள். அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். யார் பின்னாலும் போகாமல் சும்மா உட்கார வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது இதுதான்.

கொஞ்ச நேரம் கழித்து, பழக்க தோஷத்தில், அண்ணி கேமராவைத் தூக்கினாள். அப்பா நேராக அதையே பார்த்தார். ஸ்டுடியோவில் எப்படிப் பார்க்கச் சொல்வார்களோ அப்படி. அவளால் எடுக்க முடியவில்லை. கேமராவை இறக்கி மடியில் வைத்தாள். இறக்கும்போது விரல் பட்டு ஷட்டர் விழுந்துவிட்டது. படத்தில் என்ன விழுந்ததோ, சுவரோ அவர் காலோ. கை தன்னால் ஃபிலிமை அடுத்ததற்குத் தள்ளியது.

அப்பா முன்னால் குனிந்தார். கேமராவின் தலையில், எத்தனையாவது படம் என்று காட்டும் சின்னக் கண்ணாடிச் சன்னல் ஒன்று உண்டு. அதைத்தான் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். இத்தனை காலமும் அவர் முதுகுக்குப் பின்னாலேயே இருந்த கேமரா அது, அவர் அதை ஒரு நாளும் ஏறிட்டுப் பார்த்ததில்லை.

"பதினேழு" என்றார்.

குரல் கரகரத்தது. எத்தனை நாளாகப் பேசவில்லையோ. அண்ணி மூச்சை அடக்கிக்கொண்டு, இன்னொரு முறை ஷட்டரை அழுத்தி ஃபிலிமைத் தள்ளினாள். சன்னலுக்குள் எண் நகர்ந்தது.

"பதினெட்டு." அப்பா நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தார். முகத்தில் ஒரு பிரகாசம். "இந்த மீட்டர் ஓடுதும்மா."

"ஓடுது சார்."

"எழுதிக்கோ."

அண்ணி உள்ளங்கையில் விரலால் எழுதினாள். "எழுதிட்டேன் சார்."

அப்பா நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். முதல் முறை முடியவில்லை. இரண்டாவது முறை நின்றுவிட்டார். இல்லாத பையைத் தோளில் சரிசெய்துகொண்டு கதவைப் பார்த்தார்.

"அடுத்த வீடு?"

எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, மறைக்கவில்லை. அண்ணி அழவில்லை. ஸ்டூலைப் பிடித்து எழுந்தாள். முழங்காலில் அந்தக் கதவுச் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் தாழ்வாரத்தில் நடந்தார்கள், அவர் முன்னால், அவள் நொண்டிக்கொண்டு பின்னால்.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டு, "உங்க கால் என்ன ஆகும் அண்ணி?" என்று கேட்டேன்.

"அது எங்க போயிடப் போகுது? கூடத்தான் வரும்."

"படத்துக்காகவா கூட்டிட்டுப் போறீங்க?"

அவள் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுப் பதில் சொன்னாள்.

"தெரியலம்மா. ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க எனக்குத் தெம்பில்ல."

இல்லத்து அம்மா ஏதேதோ கேட்டாள், பெரியவருடைய மகன் வர வேண்டும் என்றாள். மகள் வந்திருக்கிறேன், போதாதா என்று நான் முறைத்த முறைப்பில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டாள். பஸ்ஸில் அப்பா டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து, தோளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். அங்கேயும் ஒரு மீட்டரில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்துக் கொஞ்ச நேரம் கதவருகிலேயே நின்றான். பரண் மேலிருந்து தோல்பையை எடுத்துத் தூசி தட்டி, அறுந்திருந்த வாரை உட்கார்ந்து தைத்தான். இனிமேல் வாரத்தில் ஒரு நாள் நான் பின்னால் போகிறேன் என்றான். போன் வந்தால் என்ன செய்வாய் என்று நான் கேட்டேன். வராது என்றான். வரும், எனக்குத் தெரியும்.

மறுநாள் கடைக்குச் சொல்லி அனுப்பிவிட்டு நானும் கூடப் போனேன். அப்பாவிடம் முன்பு போல் வேகமில்லை. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்றார், அண்ணிக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. பின்தெருவில் தையல்காரம்மா வீட்டுக் கதவைத் தட்டி, "கரெண்ட் ஆபீஸ்" என்றார்.

கதவு திறந்தது. தையல்காரம்மா வாய் நிறையக் குண்டூசி. தலை கலைந்திருந்தது. உள்ளே ஸ்டூல் மேல் அவள் மகள் பாதி தைத்த கவுனோடு நின்று அழுதுகொண்டிருந்தாள், நீளம் போதவில்லையாம். தரையெல்லாம் வெட்டுத் துணி.

"வாங்க சார்" என்றாள் தையல்காரம்மா, ஊசிகளுக்கு நடுவிலிருந்து. "ரொம்ப நாளா ஆளையே காணோம்?" பதிலுக்குக் காத்திருக்காமல் திரும்பிப் போய், மகளின் காலடியில் மண்டியிட்டு, அழுதா அளவு கூடிடுமா என்று அதட்டிக்கொண்டே ஓரத்தை மடித்து ஊசி குத்த ஆரம்பித்தாள்.

அப்பா கதவுக்குப் பின்னால் போய், கண்ணைச் சுருக்கி, அந்தப் பழைய எண்ணை உரக்கப் படித்தார்.

"எழுதிக்கோம்மா."

"எழுதிட்டேன் சார்."

அண்ணி சுவரில் முதுகைச் சாய்த்து, பாரத்தை இடது காலுக்கு மாற்றிக்கொண்டு, கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது, அது அடங்கட்டும் என்று நின்றாள். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.